கணக்கில் தோற்றவருக்கு மட்டும்

என் தம்பி யோகராஜாவுக்குக் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் மாட்டி மேடையில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ். பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவனைப் பட்டதாரி ஆக்க எங்கள் சங்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா அதை அண்ணாந்து பார்த்தாள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். "கணித மேதை அமரர் யோகராஜா நினைவு உதவித்தொகை" என்று படித்துச் சொன்னேன்.

அம்மா சிரித்தாள்.

அடக்கமான சிரிப்பு இல்லை. முந்தானையை வாயில் பொத்தி அடக்கப் பார்த்து, முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். சுனாமிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்திலிருந்த பெண்கள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்த உபசாரத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு இன்னும் கூடிவிட்டது.

போன இதழில் எங்கள் போர்ட் பிளேர் டாலிகஞ்ச் வீட்டின் தகரக் கூரையில் மழை பெய்வதைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "மழை போதும், மனிதர்களைப் பற்றி எழுதுங்கள்" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். எழுதுகிறேன். எங்கள் மனிதர்களைப் பற்றிப் படித்த பிறகு, மழையே தேவலை என்று அவருக்குத் தோன்றக்கூடும்.

வருஷாவருஷம் வந்தவன்

நாங்கள் கச்சால் தீவுக்காரர்கள். அதற்கு முன் இலங்கை மலைத் தோட்டத்துக்காரர்கள். அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் பெற்றோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, நிக்கோபாரில் ரப்பர் வெட்டச் சொன்னார்கள். தேயிலையிலிருந்து ரப்பருக்கு மாறியதைத்தான் எங்கள் குடும்பத்தில் முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்வோம்.

நான் படித்துப் போர்ட் பிளேரில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியையானேன். சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு டாலிகஞ்சில் குடியேறினேன். அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவும் யோகுவும் கச்சாலிலேயே இருந்தார்கள்.

யோகுவுக்கும் கணக்குக்கும் பகை என்று சொல்ல முடியாது. பகை என்றால் இரண்டு பக்கமும் சண்டை போட வேண்டும். இவன் முதல் கேள்வியிலேயே கும்பிடு போட்டுவிடுவான். மற்றப் பாடங்களில் எப்படியோ கரையேறிவிட்டான். கணக்கு மட்டும் நின்றுபோனது. அதைக் கம்பார்ட்மென்ட் என்கிற மறுதேர்வாக எழுதினான், பிறகு பிரைவேட்டாக எழுதினான். எழுதுவதற்காக வருஷத்துக்கு ஒரு தடவை கப்பலேறி என் வீட்டுக்கு வருவான். காலைக் கட்டிய இரண்டு கோழியும் ஒரு பை பாக்கும் கொண்டுவருவான். கணக்குப் புத்தகத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் மறந்துவிடுவான்.

நான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் அவனுக்குக் கொட்டாவி வரும். அவனுக்கு வந்தால் எனக்கும் வரும். அல்ஜீப்ராவை அவன் கற்றானோ இல்லையோ, எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம்.

தேர்வு முடிந்து சிரித்த முகமாக வருவான். "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டால், "பேப்பர் நல்லாத்தான் இருந்துச்சுக்கா. நாந்தான்" என்பான்.

நான்காவது தடவை ஒன்பது மார்க். அதற்கு முந்தின தடவை ஆறு. எனக்கு வந்த கோபத்தில் அவனுக்குச் சோறு போடவில்லை. அவனோ கொஞ்சமும் அசராமல், "மூணு மூணா ஏறுதுக்கா. இப்படியே போனா இன்னும் எட்டு வருஷத்துல முப்பத்திமூணு. பாஸ்" என்றான்.

அவன் வாழ்நாளில் தப்பில்லாமல் போட்ட ஒரே கணக்கு அதுதான்.

அந்த டிசம்பரில் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்காக என் வீட்டில் கொண்டுவந்து விட்டான். "நீயும் இருந்துட்டுப் போடா" என்றேன். வீட்டில் கோழிகள் தனியாக இருக்கின்றன என்று அடுத்த கப்பலிலேயே திரும்பிவிட்டான். அதன் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஞாயிறு என்றால் அவன் தூங்கிக்கொண்டிருந்திருப்பான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் எங்கள் லைன் வீடுகளிலிருந்து யாரும் திரும்பி வரவில்லை.

ஸ்டூடியோவில் மிஞ்சியது

கச்சால் வீட்டில் அப்பாவின் படம் இருந்தது. அவர்களுடைய கல்யாணப் படம் இருந்தது. யோகு தொட்டிலில் கிடக்கும் படம் ஒன்று இருந்தது. வீடே இல்லை என்றான பிறகு படங்களுக்கு எங்கே போவது.

முகாமில் தங்கியிருந்த எங்கள் ஜனங்களிடம் அதுதான் பெரிய அழுகையாக இருந்தது. காணாமல் போனவரின் போட்டோ கொடுங்கள் என்று ஆபீசில் கேட்பார்கள். பெற்றவர்கள் கையை விரிப்பார்கள். பிள்ளையின் முகத்தைப் பெற்றவள் வாயால் சொல்ல வேண்டும். மூக்கு எப்படி, காது எப்படி என்று. "மூக்கு எல்லாருக்கும் இருக்கற மாதிரிதான் ஐயா" என்று ஒருத்தி சொன்னதை நான் கேட்டேன். அதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

எங்களிடம் மட்டும் யோகுவின் படம் இருந்தது. ஒன்றல்ல, ஐந்து. காரணம் மிக எளிமையானது. அவன் கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தான்.

கச்சாலில் போட்டோ ஸ்டூடியோ கிடையாது. ஒவ்வொரு தடவை பரீட்சைக்குப் பணம் கட்டும்போதும் புதிதாகப் பாஸ்போர்ட் படம் ஒட்ட வேண்டும். அதற்கு யோகு போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் ஒரு வங்காளியின் ஸ்டூடியோவுக்குப் போவான். எல்லோரும் அவரைத் தாதா, அதாவது அண்ணன், என்போம். தாதாவுக்கு எதையும் முழுதாகக் கொடுக்கிற பழக்கம் இல்லை. எட்டுப் படத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு, அவசரத்துக்கு இரண்டைக் கத்தரித்துக் கொடுப்பார். மீதியை அடுத்த கப்பலில் வரும்போது வாங்கிக்கொள் என்பார். நிக்கோபார்க்காரர்கள் அடுத்த கப்பலில் வந்தால் அரிசி வாங்குவார்களே தவிர, படத்தை நினைப்பார்களா? மீதிப் படங்கள் உறைக்குள் கிடக்கும்.

அந்தச் சோம்பேறித்தனத்தை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். சுனாமி முடிந்து கொஞ்ச நாளில் தாதா எங்களுக்குச் சொல்லியனுப்பினார். போனோம். மேஜை மேல் ஐந்து உறைகளை வரிசையாக வைத்தார். "ஹர் சால் ஆதா தா" என்றார். வருஷாவருஷம் வருவான் என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

முதல் படத்தில் மீசை இல்லை. இரண்டாவதில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒன்று. மூன்றாவதில் என் கணவரின் சட்டை. நான்காவதில், சிரிக்காதே என்று யாரோ சொல்லியும் சிரித்திருக்கிறான். ஐந்தாவது உறையில் எட்டுப் படமும் கத்தரிக்காமல் ஒரே தாளாக இருந்தது. அம்மாவைக் கொண்டுவந்து விட்ட அன்று எடுத்திருக்கிறான்.

அப்படியென்றால் ஐந்தாவது தடவையும் எழுத நினைத்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன் என்று பயந்திருப்பான்.

அம்மா ஐந்து முகத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். "மொதத் தடவையே பாஸ் பண்ணித் தொலைச்சிருந்தா ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சியிருக்கும்" என்றாள். வீட்டுக்கு வந்து, ஐந்தையும் ஒரே சட்டத்தில் போட்டு ஹாலில் மாட்டினாள். கத்தரிக்காத மீதிப் படங்களைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தாள்.

அண்ணாச்சியின் கண்டுபிடிப்பு

எங்கள் சங்கத்தின் பெயர் வேண்டாம். போர்ட் பிளேரில் தமிழர்களுக்குச் சங்கம் பல, ஒற்றுமையை வளர்ப்பதில் ஒவ்வொன்றும் மற்றதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். எங்களுடையதன் தலைவர் பரமசிவம் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மணலும் ஜல்லியும் சிமென்ட்டும் சப்ளை செய்து முன்னுக்கு வந்த கான்ட்ராக்டர். நல்ல மனசுக்காரர். ஆனால் அந்த மனசு மைக் இல்லாமல் வேலை செய்யாது.

சுனாமி சமயத்தில் சங்கத்தார் அரிசி கொடுத்தார்கள், போர்வை கொடுத்தார்கள். மறுக்க மாட்டேன். கொடுத்ததைவிடக் கொடுத்ததைச் சொன்னது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இரண்டு வருஷம் போனதும் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. கடல் கொண்டுபோனவர்களின் பெயரில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை. இதில் எனக்குக் கேலி எதுவும் இல்லை. நல்ல யோசனை.

பெயர்ப்பட்டியலைப் பார்த்தபோதுதான் கேலி வந்தது. முதல் பெயர் அண்ணாச்சியின் தகப்பனார். பெரியவர் சுனாமிக்கு வெகுகாலம் முன்பே, கடலுக்கு வெகுதூரத்தில், கட்டிலில் படுத்தபடி, பேரன் பேத்திகள் சூழக் காலமானவர். கேட்டேன். "நினைவுன்னா எல்லாம் நினைவுதாம்லா டீச்சர்" என்றார்.

யோகுவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் நடந்த பேச்சை அம்மா பிறகு எனக்கு அப்படியே ஒப்பித்தாள்.

"ஆத்தா, ஒங்க பையன் படிப்புல எதுல கெட்டி?"

"கெட்டின்னு ஒண்ணும் இல்லீங்க ஐயா. கணக்குத்தான் வருஷாவருஷம் எழுதுனான்."

"வருஷாவருஷமா?"

"ஆமாங்க. கச்சால்ல இருந்து கப்பலேறி வந்து எழுதிட்டுப் போவான்."

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று, இரண்டு ராத்திரி வாந்தி எடுத்து, ஒருவன் வருஷாவருஷம் கணக்குப் பரீட்சைக்கென்றே போர்ட் பிளேர் வருகிறான் என்றால் அவனுக்குக் கணக்கின் மேல் எவ்வளவு ஆசை இருக்க வேண்டும். மேயின்லேண்டில் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். அங்கே பஸ்ஸில் போய்ப் பரீட்சை எழுதுகிறவனை யாரும் மேதை என்று நினைப்பதில்லை. இங்கே நடுவில் ஒரு கடல் இருக்கிறதே.

நான் டீயோடு வந்தபோது அவர் ஒரு படத்தை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டார். மேதைக்குச் சாதாரணச் சட்டை போதாது என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் அங்கி தைத்துக் கொடுத்தார்.

அம்மா பேசிய இந்தி

மேடைக்குத் திரும்புவோம். "கணக்குக்காகவே கடலைத் தாண்டிய இளைஞர்" என்று அண்ணாச்சி மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். கைதட்டல். நான் கணவரின் காதில், "இதை நிறுத்த வேண்டாமா?" என்றேன். "விடு, நல்லதுக்குத்தானே" என்றார். அவருக்கு எல்லாமே நல்லதுக்குத்தான். மில்லில் ரம்பத்தின் சத்தத்திலேயே இருந்து பழகியவருக்கு அண்ணாச்சியின் பேச்சு ஒரு பொருட்டே இல்லை.

கணக்கில் முதல் மார்க் எடுத்த பையனுக்கு அம்மா கையால் உதவித்தொகை. பையன் ஒரு நகைக்கடைக்காரரின் மகன். மேல்படிப்புக்கு மறுநாள் சென்னைக்கு விமானம் ஏறப் போகிறவன். அவனுக்கு உதவி செய்யச் சங்கமே திரண்டிருந்தது.

அம்மாவை மேடையில் ஏற்றினேன். கிட்டத்தில் போய் ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. ஐந்தாவது படத்தின் முகம். தொப்பிக்காக நெற்றியைப் பாதி மறைத்திருந்தார்கள். தழும்பையும் கம்ப்யூட்டரில் அழித்திருந்தார்கள். சின்ன வயதில் ரப்பர் பால் சேர்க்கிற வாளியில் மோதி, புருவத்துக்கு மேல் வந்த தழும்பு அது.

"சரோஜா, இது யாரு புள்ள?" என்று கேட்டாள்.

"யோகுதாம்மா."

"இல்ல. ஏம் மவன் ஃபெயிலானவன். ஃபெயிலானதுனாலதான் அவன் மொகமே மிஞ்சிச்சு. அதையும் அழிச்சுப்புட்டாங்க."

அவ்வளவு நேரமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடல் ஒரு தடவை கொண்டுபோயிற்று. இப்போது மரியாதை செய்து இன்னொரு தடவை கொண்டுபோகிறார்கள்.

அம்மா மைக் பக்கம் நடந்தாள். தமிழில் பேசினால், தலைமை விருந்தினருக்கு மொழிபெயர்க்கிற சாக்கில் அண்ணாச்சி அதை வேறு ஏதாவதாக மாற்றிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். விருந்தினர் ஏதோ ஓர் இலாகாவின் அதிகாரி. வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவரைப் பார்த்து நேராக, ரப்பர் தோட்டத்து மேஸ்திரிகளிடம் கற்ற இந்தியில் சொன்னாள்.

"சாப், மேரா லட்கா கணித் மே சார் பார் ஃபெயில். யே பைசா ஃபெயில் வாலா கோ தோ."

என் பையன் கணக்கில் நாலு தடவை ஃபெயில், இந்தப் பணத்தை ஃபெயிலானவனுக்குக் கொடு. அவ்வளவுதான். இலக்கணம் இல்லை, ஆனால் ஒரு வார்த்தைகூட வீணில்லை.

அண்ணாச்சி விருந்தினரிடம் குனிந்து, அம்மா துக்கத்தில் இருக்கிறாள் என்கிற மாதிரி எதையோ முணுமுணுத்தார். அதிகாரி அவரைக் கையால் தடுத்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கி, "மாதாஜி டீக் போல்தி ஹை. ஃபெயில் வாலே கோ ஹி தீஜியே" என்றார். அம்மா சொல்வது சரி, தோற்றவருக்கே கொடுங்கள் என்று தீர்ப்பு.

எங்கள் ஊரில் மேடையில் அதிகாரி ஒன்றைச் சொல்லிவிட்டால் அது சட்டம். தலையை ஆட்டினாலே போதும், இவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அண்ணாச்சி கைதட்டினார். அழுகிறவர் கைதட்டுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். நகைக்கடைப் பையனுக்கு அவசரமாக அண்ணாச்சியின் தகப்பனார் பெயரில் இருந்ததைக் கொடுத்தார்கள். யோகுவின் பெயரில் இருந்தது அந்த வருஷம் யாருக்கும் போகவில்லை.

டாலிகஞ்சில் எல்லோரும் பாஸ்

அடுத்த வருஷம் அறிவிப்பு ஒட்டினார்கள். 'கணக்கில் தோற்றவருக்கு மட்டும்.' ஒருவரும் வரவில்லை.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பாத்தியளா டீச்சர்? ஃபெயிலானேன்னு எவன் மேடையேறுவான்? விழா வரைக்கும் பாப்போம். ஆள் வரலேன்னா பழையபடி மொத மார்க்குக்கு மாத்திருவோம். படம்கூட ரெடியா இருக்கு, அதே படம்."

அதே படம் என்று அவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். "வா, ஃபெயிலானவுங்களத் தேடுவோம்" என்றாள்.

பள்ளியில் எத்தனை பேர் கணக்கில் விழுந்தார்கள் என்று ஆசிரியையான எனக்குத் தெரியும். ஆனால் வீடு வீடாகப் போனபோது டாலிகஞ்சில் ஒரு பிள்ளைகூடத் தோற்கவில்லை. ஒரு வீட்டில், "ஃபெயில் இல்ல டீச்சர், கம்பார்ட்மென்ட்" என்று திருத்தினார்கள். இன்னொரு வீட்டில், "அவன் மேயின்லேண்ட்ல படிக்கான்" என்றார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் பையன் பின்கட்டிலிருந்து, "அம்மா, டவல்" என்று குரல் கொடுத்தான். மூன்றாவது வீட்டில் எங்களுக்குச் சமோசா கொடுத்து, எங்கள் மகனுக்கு இப்படி ஒரு அவமானம் வர வேண்டும் என்று உங்களுக்கு என்ன வன்மம் என்று அன்போடு கேட்டார்கள்.

ஒரு ஞாயிறு சிப்பிகாட் போனோம். அங்கே காய்கறி போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் மகள் கவிதா என் பழைய மாணவி. அவரது வயலில் சுனாமியன்று புகுந்த கடல் திரும்பிப் போகவே இல்லை. வெண்டைக்காய் பறித்த இடத்தில் கொக்கு நின்றுகொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் கறுத்தது. "நெலந்தான் போச்சு. பொண்ணும் ஃபெயிலாயிருச்சு. அத மைக்குல வேற சொல்லணுமா? பஜார்ல துணிக்கடைல வேல சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த மாசம் அனுப்பப் போறேன். விட்டுருங்க டீச்சர்."

கவிதா கதவுக்குப் பின்னால் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பினோம். விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அங்கிக்காரனே ஜெயித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் பள்ளி விட்டு வந்தபோது, எங்கள் வாசலில் கவிதா தனியாக நின்றிருந்தாள். பஸ் மாறி வந்த வியர்வை.

"டீச்சர், அந்த ஃபெயில் ஸ்காலர்ஷிப் இன்னும் இருக்கா?"

"இருக்கு. அப்பா என்ன சொன்னார்?"

"அப்பாக்குத் தெரியாது. துணிக்கடைக்குப் போனா எனக்கு அப்புறம் பரீட்சையே கெடையாது டீச்சர். ஒரு தடவதான தோத்தேன்."

அம்மா அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், சட்டத்தின் முன் நிறுத்தினாள். "இவன் நாலு தடவ" என்றாள்.

முப்பத்திமூன்று

விழாவில் கவிதாவின் பெயரைக் கூப்பிட்டபோது கூட்டம் நெளிந்தது. அவள் மேடைக்கு நடக்க நடக்கப் பின்வரிசைப் பையன்கள் இளித்தார்கள். பாதியில் அவள் நின்றுவிட்டாள். நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் மேடையிலிருந்த அம்மா மைக்கிலேயே கேட்டாள்.

"எத்தன மார்க்கு புள்ள?"

கவிதா தலையைக் குனிந்துகொண்டு, "பதினொண்ணு" என்றாள்.

"ஏம் மவனவிட ரெண்டு கூட. வா மேல."

அவள் மேலே வந்தாள். முதலில் கைதட்டியது யார் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். அண்ணாச்சி. இந்தத் தடவை அழவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "எட்டீ, அடுத்த வருஷம் எங்க மானத்தக் காப்பாத்து" என்று அவள் தலையில் கைவைத்தார். பிள்ளையின் படிப்புக்கு இனிச் சங்கம் பொறுப்பு என்று மைக்கில் அவர் சொல்லிவிட்டதால் அவள் அப்பாவுக்கும் வேறு வழி இல்லாமல் போனது. துணிக்கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

வருஷம் பூராவும் சனி ஞாயிறுகளில் கவிதா எங்கள் வீட்டுக்கு வந்து கணக்குப் படித்தாள். அவளுக்குக் கொட்டாவி வரவில்லை. எனக்குத்தான் பழைய ஞாபகத்தில் அவ்வப்போது வந்தது.

மார்ச்சில் பரீட்சைக்குக் கிளம்பும் காலை, அம்மா பீரோவிலிருந்து அந்தத் துணிச்சுற்றை எடுத்தாள். கத்தரிக்காத தாளிலிருந்து ஒரு படத்தை வெட்டி, கவிதாவின் ஜியோமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குக் கீழே வைத்தாள்.

"இதை எடுத்தது பரீட்சைக்குத்தான். எழுத ஏலாமப் போச்சு. கூட்டிட்டுப் போ" என்றாள்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். கேலி பேசுகிற வாய்க்கும் சில சமயம் வேலை இருக்காது.

ரிசல்ட் வந்தது. கவிதா கணக்கில் முப்பத்திமூன்று. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்து அவள் எண்ணைச் சொன்னதும், அம்மா சட்டத்தைப் பார்த்து, "எட்டு வருஷம் ஆகும்ன, சீக்கிரம் முடிச்சுட்ட" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கறுப்பு அங்கி போட்ட படம் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"பாஸாயிட்டான்ல. இனிமே போடலாம்."

அண்ணாச்சியிடம் கேட்டேன். சங்கடத்தில் நெளிந்தார். கூரை ஒழுகி மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று கோடவுனில் சிமென்ட் மூட்டைகள் மேல் அதைப் போர்த்தியிருந்தாராம். மறுநாள் அவரே அதைக் கழுவிக் காயவைத்து, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தார். கறை முழுக்கப் போகவில்லை. அங்கியின் மடிப்புகளில் சிமென்ட் அங்கங்கே இறுகியிருந்தது. மேதை என்ற வார்த்தையை மட்டும் பச்சைப் பெயின்ட் தடவி மறைத்திருந்தார். அது அவராகச் செய்தது.

ஹால் சுவரில் அது அடங்கவில்லை. கால் பக்கத்தைத் தரையில் மடக்கி, தலைப் பக்கத்தைக் கூரைக்கட்டையில் கட்டினோம். அம்மா சாவகாசமாக நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஐந்து பழைய முகங்கள், எதிரே இந்தப் புதுப் பட்டதாரி. வெகுநேரம் பார்த்தாள்.

"தொப்பிதான் கொஞ்சம் பெருசு" என்றாள்.